பாட்டியின் பிஸ்கட் டின்னும் 44054006 என்ற எண்ணும்

ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு சதுர பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் பிஸ்கட் இருந்து நான் பார்த்ததே இல்லை. பாட்டிக்கு இருபது ஆண்டுகளாக நீரிழிவு. கிளினிக்கில் கொடுத்த புத்தகம், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், மருந்து உறைகள், தவணை அட்டைகள், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது கொடுத்த சுருக்கங்கள் எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. சில தாள்களில் எழுத்து மங்கி, மஞ்சள் நிறம் மட்டும் மிச்சம்.

சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளி விடுமுறைக்கு வேறு மாநிலத்தில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். டின் வரவில்லை. இரண்டாம் நாள் இரவு பாட்டிக்குக் கடும் காய்ச்சல். காலில் இருந்த சிறிய புண் சீழ்பிடித்திருந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. பண்டிகை நேரத்தில் எதற்கு என்று இருந்துவிட்டார். அங்கிருந்த ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். இளம் டாக்டர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார்: என்னென்ன மருந்து சாப்பிடுகிறார், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா?

"காலையில வெள்ளை மாத்திரை, ராத்திரி சின்னதா ஒரு ரோஸ் மாத்திரை" என்றார் பாட்டி. பிறகு சற்று யோசித்து, "ஒரு ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. பேரு தெரியாதுய்யா. இவன் கல்யாணத்துக்கு முன்னாடி" என்று அப்பாவைக் காட்டினார்.

"எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குமே டாக்டர்" என்றார் அப்பா. இருக்கிறதுதான், அவர் வழக்கமாகப் போகும் இடத்தில். இங்கிருந்து எங்களால் பார்க்க முடியாது என்று டாக்டர் சொன்னார்.

எங்கள் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியிடம் இருந்தது. அவர் டின்னைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நாற்பது படங்களுக்கு மேல். ஏதோ ஒரு பழைய அட்டையின் ஓரத்தில், சிவப்பு மையில், பெனிசிலின் என்று எழுதியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. சீழ்ப்புண்ணுக்குக் கொடுக்கும் மருந்துகளில் பெனிசிலின் வகையைச் சேர்ந்தவை பல. அந்த டாக்டர் பொறுத்திருந்து வேறு மருந்தைத் தேர்ந்தெடுத்தார். பாட்டி நலமாக வீடு திரும்பினார்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த இரவில் எல்லாரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். ஆனால் ஒரே நாட்டில், கணினி உள்ள இரண்டு இடங்களுக்கு நடுவே, தகவலைக் கொண்டுபோகப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி தேவைப்பட்டாரே, அது ஏன்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இப்போது பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்கிறேன். பதிலில் கொஞ்சம் புரிந்திருக்கிறது. கம்பியும் இணையமும் இல்லாததால் அல்ல. இரண்டு கணினிகளும் ஒரே மொழி பேசவில்லை, அதனால்தான்.

மொழி என்று உவமைக்காகச் சொல்லவில்லை. பாட்டியின் நோயை ஒரு தாதி 'கென்சிங் மானிஸ்' என்று எழுதுவார். ஒரு டாக்டர் 'டிஎம்' என்பார். இன்னொருவர் 'டி2டிஎம்' என்பார். மனிதர் படித்தால் மூன்றும் ஒன்றே என்று தெரியும். கணினிக்கு அவை மூன்று வெவ்வேறு எழுத்துச் சரங்கள், அவ்வளவுதான். இதைவிட மோசம், ஒரே எழுத்துக்கு இரண்டு பொருள் இருப்பது. 'எம்எஸ்' என்று குறிப்பில் இருந்தால் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் ஒரு நோயாக இருக்கலாம், இருதய வால்வு சுருங்கிய நிலையாக இருக்கலாம், மார்ஃபின் சல்ஃபேட் என்ற வலி மருந்தாகக்கூட இருக்கலாம்.

இதற்குத்தான் எண்கள் வந்தன. ஸ்நோமெட் சிடி என்பது உலக அளவில் மருத்துவச் சொற்களைத் தொகுத்த பட்டியல். அமெரிக்க நோயியல் வல்லுநர்களின் தொகுப்பும் பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவை பயன்படுத்திய தொகுப்பும் 2002-இல் ஒன்றாக இணைக்கப்பட்டுப் பிறந்தது. மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான மருத்துவக் கருத்துகள் அதில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பாட்டிக்கு இருக்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்கு 44054006. பெனிசிலின் ஒவ்வாமைக்கு 91936005. டாக்டர் திரையில் எந்த மொழியில் எழுதினாலும், உள்ளே போவது இந்த எண். மலேசியாவும் இந்த அமைப்பின் உறுப்பு நாடு. இருதய மருத்துவத்துக்கான சொல்தொகுதி ஒன்றை நம் சுகாதார அமைச்சு தனியாகவே தயாரித்திருக்கிறது.

இன்னொரு பட்டியல் இதைவிடப் பழையது. இறப்புக்கான காரணங்களை எல்லா நாடுகளும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ழாக் பெர்த்தியோன் 1893-இல் ஒரு வகைப்பாட்டை முன்வைத்தார். 1948-இல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இன்று ஐசிடி என்று அழைக்கப்படும் அந்தப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் பாட்டியின் நோய் 'இ11'. இறப்புச் சான்றிதழும் மருத்துவமனைக் கணக்கும் இதைத்தான் நம்பியிருக்கின்றன. நம் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு சொன்னது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அந்த விகிதம் மிக உயர்ந்து இருந்தது. தீபாவளிக்குப் பலகாரம் சுடும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும் என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சொற்கள் சரி, எண்கள்? அங்கேதான் நான் நன்றாக ஏமாந்தேன். வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு இடங்களிலிருந்து வந்த நோயாளித் தரவுகளை ஒன்றாக்கி வரைபடம் போட வேண்டும். பயிற்சிக்கென்றே வெளியிடப்பட்ட, பெயர் நீக்கிய தரவுகள். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன் என்ற பெருமையோடு திரையில் போட்டேன். ஒருவருக்கு ரத்தச் சர்க்கரை 7, அடுத்தவருக்கு 126. விரிவுரையாளர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இரண்டாமவர் உயிரோடு இருக்கிறாரா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது.

இருவருக்கும் ஒரே அளவுதான். மலேசியாவில் ரத்தச் சர்க்கரையை ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று அளக்கிறோம். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதுகிறார்கள். நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். 7-ஐப் பெருக்கினால் 126. நான் இணைத்த கோப்புகளில் ஒன்றில் அலகே எழுதப்படவில்லை, நானும் கேட்கவில்லை. சென்னைக்குப் போய் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டு வரும் நம் பெரியவர்கள், அங்கே கொடுத்த தாளைப் பார்த்து 'சுகர் நூத்தி முப்பதாம்' என்று பயப்படுவதும், இங்கே '7.2 தானே' என்று நிம்மதியாக இருப்பதும் ஒரே சர்க்கரையைத்தான்.

அலகு ஒத்துப்போனாலும் தீர்ப்பு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 6.5 விழுக்காட்டை எட்டினால் நீரிழிவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டு மருத்துவ வழிகாட்டி 6.3-லேயே நீரிழிவு என்கிறது. அப்படியானால் 6.4 உள்ள ஒருவரைப் பற்றி 'நீரிழிவு: உண்டு' என்று மட்டும் அனுப்பினால், பெறுபவர் எந்தக் கோட்டை வைத்து அதைப் புரிந்துகொள்வார்? அதனால்தான் தரநிலைகளை எழுதுபவர்கள் எண், அலகு, எந்தப் பரிசோதனை, எந்தத் தேதி, நான்கையும் சேர்த்தே அனுப்பச் சொல்கிறார்கள். எந்தப் பரிசோதனை என்பதற்கும் லோயிங்க் என்று ஒரு குறியீட்டுப் பட்டியல் இருக்கிறது. எச்பிஏ1சிக்கு அதில் 4548-4.

இனி, யாருடைய தகவல் என்பது. இதில் நம் சமூகத்துக்கென்று ஒரு தனித் தலைவலி உண்டு. நம் பெயரின் நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி வரும். மேல்நாட்டில் எழுதப்பட்ட மென்பொருள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்திருக்கும். அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயர் பெட்டியில் போடுவதா? சாய்கோட்டை எழுதுவதா விடுவதா? சில இணையப் படிவங்கள் அந்தக் கோட்டைப் பார்த்ததும் 'செல்லாத எழுத்து' என்று சிவப்பில் கத்தும். அதோடு எழுத்துக்கூட்டல் வேறு. லட்சுமி என்ற ஒரே பெயர் நம் அடையாள அட்டைகளில் எத்தனை விதமாக ரோமன் எழுத்தில் இருக்கிறது என்று உங்கள் வீட்டிலேயே எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டு.

நல்லவேளை, மைகாட் எண் இருக்கிறது. பிறந்த தேதிக்கு ஆறு இலக்கம், பிறந்த இடத்துக்கு இரண்டு, பிறகு நான்கு. ஜொகூரில் பிறந்த பலருக்கு நடுவில் 01. இந்தப் பன்னிரண்டு இலக்கம் பல நாடுகளுக்குக் கிடைக்காத வசதி. அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான நோயாளி எண் என்ற ஒன்றே இல்லை. பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் வைத்து இருவர் ஒருவரா என்று ஊகிக்கிறார்கள். நமக்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. நேற்றுப் பிறந்த குழந்தைக்கு எண் கிடையாது. பாட்டியின் பழைய தாள்கள் சிலவற்றில் பழைய அடையாள அட்டை எண்தான் இருக்கிறது. ஆனாலும் அடித்தளம் இருக்கிறது.

சொல்லும் அலகும் ஆளும் முடிவானால், கடைசியாக அவற்றைப் போட்டு அனுப்ப ஓர் உறை வேண்டும். 1987-இல் தொடங்கிய எச்எல்7 என்ற அமைப்பு அதைத்தான் செய்கிறது. அதன் பழைய முறை இன்றும் உலகமெங்கும் மருத்துவமனைகளுக்குள் ஓடுகிறது. கோடுகளால் பிரித்த எழுத்து வரிசை, பார்த்தால் யாரோ விசைப்பலகையில் உட்கார்ந்துவிட்டது போல் இருக்கும். ஆஸ்திரேலியாவின் கிரஹாம் கிரீவ் 2011 வாக்கில் புதிய முறை ஒன்றை முன்வைத்தார். அதன் பெயர் ஃபயர். இன்றைய கைப்பேசிச் செயலிகள் எப்படித் தகவல் பரிமாறுகின்றனவோ அதே வழியில் நோயாளி, மருந்து, ஒவ்வாமை என்று தனித்தனித் துண்டாக அனுப்பலாம். என்னைக் கவர்ந்தது ஒன்று. ஃபயரில் பெயரை உடைக்காமல் முழுப் பெயராக ஒரே இடத்தில் எழுதவும் இடம் இருக்கிறது. ஏ/எல்லும் ஏ/பியும் குனியாமல் நுழையலாம்.

இதெல்லாம் மலேசியாவுக்குப் புதிதா என்றால், இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே, 1997-இல், பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் ஒரு பகுதியாகத் தொலைமருத்துவப் பெருந்திட்டம் வெளியானது. பிறப்பு முதல் இறப்பு வரை ஒவ்வொருவருக்கும் ஒரே மருத்துவப் பதிவு என்ற கனவு அதில் இருக்கிறது. அதே ஆண்டு தொலைமருத்துவச் சட்டமும் வந்தது. 1999-இல் காகிதமில்லா மருத்துவமனையாகச் செலாயாங் மருத்துவமனை திறக்கப்பட்டது. உலகமே திரும்பிப் பார்த்த காலம். பிறகு புத்ராஜெயா, செர்டாங். ஜொகூர் உட்பட சில மாநிலங்களின் அரசாங்கக் கிளினிக்குகளில் 2000-களின் நடுவில் தொலைமுதன்மைப் பராமரிப்பு முறை வந்தது. மருத்துவமனைகளுக்கிடையே சுருக்கங்களைப் பரிமாற மைஹிக்ஸ் என்ற முயற்சியும் நடந்தது. நாட்டின் மருத்துவத் தரவை ஓரிடத்தில் சேர்க்கும் தரவுக் களஞ்சியம் 2017-இல் தொடங்கியது.

பிறகு ஏன் அந்த ஒரு மணி நேரம்? சுகாதார அமைச்சின் கீழ் 140-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் உள்ளன. கணினிமயம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காலத்தில், வெவ்வேறு நிறுவனங்களின் மென்பொருளோடு வந்தது. பலவற்றுக்கு முழுமையாக வரவேயில்லை. தனியார் கிளினிக்குகள் தனி உலகம். ஒவ்வொரு வீடும் தன் சௌகரியத்துக்கு அலமாரி செய்துகொண்டது. பிறகு எல்லா அலமாரிக்கும் ஒரே சாவி கேட்டால் கிடைக்குமா? 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை இதை மறுபடி மேசைக்குக் கொண்டு வந்திருக்கிறது. 1997-இல் சொன்னதையே 2023-இலும் சொல்கிறோம் என்று சலித்துக்கொள்ளலாம். எனக்கும் சலிப்பு வந்தது.

அந்தச் சலிப்பைக் குறைத்தது என் அக்காவின் 'இளஞ்சிவப்புப் புத்தகம்'. போன ஆண்டு அக்கா கருவுற்றிருந்தபோது அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்தார்கள். மலேசியாவில் தாயான யாருக்கும் அதைத் தெரியும். எடை எங்கே, ரத்த அழுத்தம் எங்கே, குழந்தையின் துடிப்பு எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம். முன்பக்கத்தில் நிற ஒட்டு: வெள்ளை என்றால் ஆபத்துக் குறைவு, சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை, நடுவில் பச்சையும் மஞ்சளும். பெர்லிஸ் தாதி எழுதியதை ஜொகூர் டாக்டர் அரை நிமிடத்தில் படித்துவிடுவார். கணினியே இல்லாமல் நாடு முழுவதும் ஓடும் தரநிலை அது! யாரோ ஒரு காலத்தில் உட்கார்ந்து, எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது, எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று முடிவு செய்திருக்கிறார்கள். பிறகு எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டிருக்கிறார்கள். நான் படிக்கும் தரநிலை ஆவணங்கள் அத்தனையும் செய்ய நினைப்பது இதைத்தான். அதைச் செய்யத் தெரிந்த நாடுதான் இது.

மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள்? எங்கள் பக்கத்திலிருந்து பலர் வேலைக்குப் போகும் சிங்கப்பூரில் தேசிய மின்னிலக்கச் சுகாதாரப் பதிவு 2011-இல் தொடங்கியது. இந்தியா 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் மின்னிலக்கத் திட்டத்தை நாடு முழுவதற்கும் அறிவித்தது. 14 இலக்க எண், பரிமாற்றத்துக்கு ஃபயர். எஸ்டோனியா 2008 முதலே நாடளாவிய பரிமாற்றம் வைத்திருக்கிறது. என் பதிவை யார் திறந்து பார்த்தார்கள் என்று அங்கே நோயாளியே பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஏனென்றால், இதையெல்லாம் ஒருநாள் உற்சாகமாகப் பாட்டியிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். எல்லா ஊர் டாக்டருக்கும் உங்கள் விவரம் தெரியும் பாட்டி என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எல்லாருக்கும் எதுக்குக் கண்ணு தெரியணும்?" என்றார்.

பதில் வரவில்லை. மனநல மருத்துவரிடம் போய்வரும் உறவினர் ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார். பல் பிடுங்கப் போகும் இடத்தில் அது திரையில் தெரிய வேண்டுமா? 2018-இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் தரவுத்தளத்தில் ஊடுருவி 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களைத் திருடினார்கள். அன்றைய பிரதமர் லீ சியென் லூங்கின் விவரமும் அதில் போனது. பிஸ்கட் டின்னைத் திருடினால் ஒருவருடைய கதைதான் போகும். நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. அரசாங்கக் கிளினிக்குகளை நம்பியிருக்கும் நம்மில் பெரும்பாலோர் இதை அறிந்திருக்க மாட்டோம். பதிவுகள் இணைய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அந்த அவசரப் பிரிவில் நின்றவன் நான். ஆனால் யார், எப்போது, எதுவரை பார்க்கலாம் என்பதும் பார்த்ததற்குத் தடம் இருப்பதும் கடைசியில் ஒட்டவைக்கும் வேலையாக இருக்கக்கூடாது. ஒவ்வாமையை எல்லாரும் பார்க்கட்டும். மற்றதற்குப் பாட்டியைக் கேட்கட்டும்.

எஸ்.பி.எம். முடித்த தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்தி, இது கல்விப் பக்கம் என்பதால். நன்றாகப் படிக்கும் பிள்ளை என்றால் டாக்டர் என்றுதான் நம் வீடுகளில் பேச்சு. டாக்டர் எழுதியதைப் படித்து ஐசிடி குறியீடாக மாற்றும் மருத்துவப் பதிவுப் பணியாளர்களும், சுகாதாரத் தகவலியல் படித்தவர்களும், இரண்டு மென்பொருளைப் பேச வைப்பவர்களும் இந்த வேலைக்கு அவ்வளவு தேவை. கணினி தெரிந்து, நோயாளியின் பேச்சும் புரிந்தவர்கள் குறைவு. 'ரோஸ் மாத்திரை' என்றால் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமையும் அதில் ஒரு தகுதி.

நாடு முழுவதும் இணையும்வரை காத்திருக்க முடியாதல்லவா? போன மாதம் பாட்டியின் டின்னைக் கொட்டி ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். மைகாட் எண், நோய்கள், மருந்துகளின் பொதுப்பெயர், அளவு, ஒவ்வாமை, கடைசிப் பரிசோதனை எண்கள் அலகோடு, தேதியோடு. வணிகப்பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டேன். க்ளூகோஃபேஜும் மெட்ஃபோர்மினும் ஒன்றே என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து விழுங்குபவர்கள் உண்டு. பெனிசிலினைச் சிவப்பு மையில் எழுதினேன், பழைய அட்டையில் இருந்தது போலவே. அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக் குடும்பத்தில் எல்லாருக்கும் அனுப்பினேன். ஒரு பிரதி பாட்டியின் கைப்பைக்குள்.

பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். மெட்ஃபோர்மின் 500 மில்லிகிராம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒண்ணு இல்ல கண்ணு. போன தவணையில ராத்திரிக்கு ரெண்டாக்கிட்டாங்க. மறுபடி எழுது."